கல்யாண ஆல்பம் விசா வாங்கித் தராது

(ஞாயிறு மாலை நம் தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிக் கூட்டத்தில் பேசியது. "எழுத்தாப் போடுங்க, வீட்ல காட்டணும்" என்று நிறைய தோழர்கள் கேட்டதால், பேசினபடியே இங்கே பதிவிடுகிறோம்.)



வழக்கமா இந்தக் கூட்டத்துல நான் பேசறது கிராஃபிக்ஸ், ஹேஷ்டேக், பூத் வாரியான டேட்டா. இன்னைக்கு அது எதுவும் இல்ல. எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்லப் போறேன். அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் பேசறேன். "என் பேரை மட்டும் சொல்லாத, மிச்சம் அத்தனையும் சொல்லு. இன்னொரு பொண்ணு இப்படி உக்காந்து அழக்கூடாது"ன்னு அக்கா சொல்லுச்சு.

எங்க ஊர் பட்டுக்கோட்டை பக்கம். அக்காவுக்கு 2022 ஆவணியில கல்யாணம். மாமா மெல்பர்ன்ல டீசல் மெக்கானிக். ஆஸ்திரேலிய நிரந்தர வசிப்புரிமை, அதாவது பி.ஆர், வச்சிருக்கார். லீவு மொத்தமே 24 நாள். கல்யாணம், மறுவீடு, குலதெய்வம் கோயில், விருந்துன்னு ஓடிப்போச்சு. மாமா விமானம் ஏறிட்டார். "ஆறு மாசத்துல பொண்ணு போயிடும்"னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தோம்.

அக்கா போய்ச் சேர்ந்தது 2025 ஏப்ரல்ல. இடையில ரெண்டரை வருஷம். விசா கட்டணமா மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல. தப்பு எங்கே நடந்துச்சு, அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

டவுன்ல ஒரு கன்சல்டன்சி. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவத்துல நாலஞ்சு நாட்டுக் கொடி. அப்பா நம்பிட்டார். பாஸ்போர்ட், மார்க் ஷீட், கல்யாண ஆல்பம் எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்தோம். "இனி நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னாங்க. அந்த வார்த்தையைக் கேட்டு நிம்மதியாத் தூங்கினோம் பாருங்க, அதுதான் முதல் தப்பு.

2023 கார்த்திகையில ஒருநாள் அந்த ஆபீஸ்ல வேலை பாக்குற பொண்ணு போன் பண்ணிச்சு. "சிஸ்டத்துல ஃபைனலைஸ்டுன்னு வந்துருக்கு." அம்மா உடனே பக்கத்து வீட்டுக்கெல்லாம் ஸ்வீட் கொடுத்துருச்சு. எனக்கு என்னவோ உறுத்துச்சு. அக்காவைக் கூட்டிக்கிட்டு நேர்லயே போனேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். காட்டவே மாட்டேன்னாங்க. ஒரு மணி நேரம் சண்டை போட்ட பிறகு காட்டினாங்க.

தோழர்களே, ஆஸ்திரேலிய விசா தளத்துல "ஃபைனலைஸ்டு"ன்னா முடிவு எடுத்தாச்சுன்னு அர்த்தம். கிடைச்சாலும் அதே வார்த்தைதான், நிராகரிச்சாலும் அதே வார்த்தைதான். உள்ளே இருந்த கடிதத்தைத் திறந்தா, நிராகரிப்பு. அது வந்தே ரெண்டரை மாசம் ஆகியிருந்துச்சு. அதுக்கும் முன்னாடி, "உங்க உறவுக்குக் கூடுதல் ஆதாரம் கொடுங்க"ன்னு 28 நாள் கெடு வச்சு இன்னொரு கடிதம் வந்திருக்கு. அதுவும் கன்சல்டன்சி ஈமெயிலுக்குத்தான் போயிருக்கு. யாரும் திறந்து பாக்கல. மேல்முறையீட்டுக்கான நாளும் போயிருச்சு. அக்கா அந்த நாற்காலியிலயே உக்காந்து அழுதுச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

அன்னைக்கு ராத்திரி அந்தக் கடிதத்தை வரி வரியாப் படிச்சேன். படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுது. அதிகாரிக்கு நம்ம மேல கோபமும் இல்ல, வெறுப்பும் இல்ல. நாம அனுப்பின தாள்கள்ல எங்க அக்காவே இல்ல. அவ்வளவுதான்.

புரியற மாதிரி சொல்றேன்.

ஆஸ்திரேலியாவுல இருக்கும் கணவனோ மனைவியோ தன் துணையை வெளிநாட்டிலிருந்து அழைத்துக்கொள்ள இருப்பது பார்ட்னர் விசா. எண் 309. இது தற்காலிகமானது. அதோடு சேர்த்தே 100-க்கும் விண்ணப்பிக்கிறோம், அது நிரந்தரம். ரெண்டுக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம். விண்ணப்பித்து இரண்டு வருஷம் ஆனதும் நிரந்தர விசாவுக்கான பரிசீலனை வரும். ஏற்கனவே நீண்ட நாள் சேர்ந்து வாழ்ந்த தம்பதிக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுப்பதும் உண்டு.

கட்டணம் வருஷா வருஷம் ஜூலையில ஏறுது. 2025 ஜூலை நிலவரப்படி 9,365 ஆஸ்திரேலிய டாலர். நம்ம காசுல ஐந்து லட்சத்துக்கு மேல. நிராகரிச்சா ஒரு பைசா திரும்பாது. ஒரு குடும்பம் நகையை அடகு வச்சுக் கட்டுற பணம் இது. அதனாலதான் இவ்வளவு விவரமாப் பேசறேன்.

இந்த விசாவுக்கு ஐ.இ.எல்.டி.எஸ் வேண்டியதில்ல. பிரிட்டன் மாதிரி, ஸ்பான்சர் பண்றவர் வருஷம் இவ்வளவு சம்பாதிக்கணும்னு ஒரு தொகையும் நிர்ணயிக்கல. பிரிட்டன்ல 2024 ஏப்ரல்ல அந்தத் தொகையை 18,600 பவுண்டிலிருந்து ஒரேயடியா 29,000 ஆக்கினாங்க. ஆஸ்திரேலியாவுல அந்தத் தடை இல்ல. ஆனா எங்க அக்காகிட்ட "இங்கிலீஷ் கோச்சிங் கட்டாயம்"னு சொல்லி 18,000 ரூபாய் வாங்கியிருந்தாங்க. கத்துக்கிட்டது நல்லதுதான். கட்டாயம்னு சொன்னது பொய்.

அப்ப ஆஸ்திரேலியா என்னதான் கேக்குது? ஒரே ஒரு கேள்விதான். இந்தக் கல்யாணம் உண்மையா? ரெண்டு பேரும் ஒரு வாழ்க்கையைச் சேர்ந்து வாழறாங்களா?

அந்த நாட்டுக் குடிவரவுச் சட்டம் 1958-ல் வந்தது. வாழ்க்கைத் துணைன்னா யார்னு அதுல தெளிவா வரையறுத்திருக்காங்க. சட்டப்படி செல்லும் திருமணம் இருக்கணும். வேறு யாருக்கும் இடமில்லாத பரஸ்பர உறுதி இருக்கணும். உறவு உண்மையா, தொடர்ந்து இருக்கணும். சேர்ந்து வாழணும், இல்லேன்னா நிரந்தரமாப் பிரிஞ்சு வாழாம இருக்கணும். வேலைக்காக ஒருத்தர் மெல்பர்ன்லயும் ஒருத்தர் பட்டுக்கோட்டையிலயும் இருந்தா, அது மட்டுமே குற்றமாகாது. ஆனா அது தற்காலிகம்தான்னு காட்டணும். இதை நாலு தலைப்புல பாக்கறாங்க: பணம், வீடு, சமூகம், உறுதி.

இப்ப எங்க முதல் விண்ணப்பத்தை அந்த நாலுல வச்சுப் பாருங்க.

முதல்ல பணம். மாமா மாசா மாசம் தவறாமப் பணம் அனுப்பினார். யார் கணக்குக்கு? அவங்க அப்பா கணக்குக்கு. அங்கேருந்து கைக்காசா அக்கா செலவுக்கு வரும். நம்ம வீடுகள்ல இது சாதாரணம். ஆனா பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்தா, ஒரு மகன் அப்பாவுக்குப் பணம் அனுப்பறான். மனைவி பேர் எங்கேயும் வரல.

அடுத்தது வீடு. 20 நாள் மாமனார் வீட்டுல இருந்துட்டு, மாமா போனதும் அக்கா எங்க வீட்டுக்கு வந்துருச்சு. அதுவும் நம்ம ஊர்ல சாதாரணம். ஏன்னு ஒரு வரி எழுதியிருக்கணும். எழுதல. கல்யாணமாகி ஒரு மாசத்துல பொண்ணு பிறந்த வீட்டுக்கு வந்துருச்சுன்னு மட்டும்தான் தாள்ல தெரியுது.

மூணாவது சமூகம். கல்யாண போட்டோ 300 கொடுத்தோம். முந்நூறும் மேடை. மாலை போட்டு நிக்கறாங்க, பரிசு வாங்கறாங்க, சித்தப்பா குடும்பம், பெரியப்பா குடும்பம், மாமாவோட பழைய ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ். சேர்ந்து ஒரு டீ குடிச்ச போட்டோ இல்ல.

நாலாவது உறுதி. தினம் ராத்திரி ஒன்றரை மணி நேரம் வீடியோ கால் பேசினாங்க. அதுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் கூடப் போகல. அதுக்குப் பதிலா கன்சல்டன்சிக்காரங்க அக்கா எழுதின மாதிரி ஒரு கடிதம் தயார் பண்ணியிருந்தாங்க. அதுல என்ன இருந்துச்சு தெரியுமா? "நாங்கள் ஒரு காபி ஷாப்பில் முதன்முதலில் சந்தித்தோம்." வேற யாரோ ஜோடியோட கடிதத்தைப் பேர் மட்டும் மாத்தி ஏத்தியிருக்காங்க. எங்க அக்கா மாமாவை முதன்முதலாப் பாத்தது எங்க வீட்டுத் திண்ணையில, கையில கேசரித் தட்டோட. மாமா தன் கடிதத்துல பெண் பார்க்க வந்த கதையை எழுதியிருக்கார். அக்கா கடிதம் காபி ஷாப்ங்குது. அதிகாரி எதை நம்புவார்?

இதுல இன்னொரு ஆபத்தும் இருந்துச்சு. பொய்த் தகவலோ போலி ஆவணமோ கொடுத்ததா முடிவு பண்ணினா, விண்ணப்பத்தை நிராகரிக்கறதோட, மூணு வருஷம் விசா கிடைக்காதபடி தடையும் வரலாம். எங்களுக்கு அந்தத் தடை வரல. தப்பிச்சோம்.

அந்த ராத்திரிதான் எனக்கு உறைச்சுது. பணம் மாமனார் பேர்ல. ஈமெயில் ஏஜென்ட் பேர்ல. செல்போன் சிம் அப்பா பேர்ல. கடிதம் யாரோ ஒரு பொண்ணு பேர்ல. அக்கா பேர்ல இருந்தது என்ன? பாஸ்போர்ட் ஒண்ணுதான். அதையும் பீரோவுல வச்சுப் பூட்டி சாவியை அம்மா வச்சிருந்துச்சு. நாம யாரும் கெட்டவங்க இல்ல. பாசத்துலதான் செஞ்சோம். ஆனா ஒரு பொண்ணை எல்லாரும் சேர்ந்து பாத்துக்கறோம்னு சொல்லி, அவளோட வாழ்க்கைக்கு அவ பேர்லயே ஒரு தாள் இல்லாம ஆக்கிடறோம்.

ரெண்டாவது தடவை, 2024 பிப்ரவரியில, நாங்களே விண்ணப்பிச்சோம். அக்கா, மாமா, நான், மூணு பேர், ராத்திரி கூகுள் மீட். என்ன மாத்தினோம்னு வரிசையாச் சொல்றேன். குறிச்சுக்குங்க.

ஒண்ணு, ஈமெயில். அக்காவுக்குச் சொந்தமா ஒரு ஈமெயில், அதுல இம்மிஅக்கவுண்ட். பாஸ்வேர்ட் அக்காகிட்ட. வாரத்துக்கு ரெண்டு நாள் உள்ளே போய்ப் பாக்கும். ஏஜென்ட் வச்சாலும் இதை விடாதீங்க. ஏஜென்டை உங்க சார்பாக் கடிதம் வாங்கறவரா நியமிச்சுட்டா, அவருக்கு வந்த கடிதம் உங்களுக்கு வந்ததாத்தான் சட்டம் எடுத்துக்கும். "எனக்குத் தெரியாது"ங்கறது எடுபடாது. ஏஜென்ட் வேணும்னா ஆஸ்திரேலியாவுல பதிவு பெற்றவரா பாருங்க. பதிவு எண் கேளுங்க, அரசோட இணையப் பதிவேட்டுல அந்த எண்ணைப் போட்டுப் பாருங்க. எண் சொல்லத் தயங்கினா எந்திரிச்சு வந்துருங்க.

ரெண்டு, பேங்க் கணக்கு. அக்கா பேர்ல கணக்கு, மாமா நேரா அதுக்கு அனுப்பினார். மாமனாருக்குத் தனியா அனுப்பினார். மாமா தன் சூப்பரானுவேஷன், அதாவது அங்கத்திய ஓய்வூதிய நிதி, அதுல அக்காவை வாரிசா எழுதினார். முதல்ல அக்காவோட மாமனாருக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. மாமாவே உக்காந்து பேசினார். "அப்பா, இது உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல, அவ என் பொண்டாட்டின்னு தாள்ல தெரியணும்"னார். ஒத்துக்கிட்டார்.

மூணு, போட்டோ. 2023 டிசம்பர்ல மாமா ஒரு மாச லீவுல வந்தார். இந்தத் தடவை மேடை போட்டோ இல்ல. வேளாங்கண்ணி பஸ்ஸுல ரெண்டு பேரும் தூங்கி வழியற போட்டோ, மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தப்போ ஆஸ்பத்திரி வராண்டாவுல காத்திருந்தது, பொங்கல் அன்னைக்கு அக்கா திட்டத் திட்ட மாமா கரும்பு வெட்டினது. ஒவ்வொண்ணுக்கும் கீழே தேதி, இடம், கூட இருக்கறது யார்னு ஒரு வரி. மொத்தம் 32 போட்டோ. கூட வாட்ஸ்அப் கால் பட்டியல், மாசத்துக்கு ரெண்டு மூணு ஸ்கிரீன்ஷாட். எல்லாத்தையும் கொட்டாதீங்க. ஆரம்பத்துலேர்ந்து இன்னைக்கு வரை தொடர்ச்சி தெரிஞ்சாப் போதும்.

நாலு, சாட்சி. 888-ன்னு ஒரு படிவம் இருக்கு. உங்க ரெண்டு பேரோட உறவையும் தெரிஞ்ச, 18 வயசு நிரம்பின ஆஸ்திரேலியக் குடிமக்களோ நிரந்தர வாசிகளோ ரெண்டு பேர் எழுதித் தரணும். மாமாவோட ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் ஒண்ணு எழுதினார். தினம் மதியச் சாப்பாட்டு நேரத்துல மாமா ஊருக்கு வீடியோ கால் போடறதையும், அக்கா அவருக்கே வணக்கம் சொல்லக் கத்துக்கொடுத்ததையும் எழுதியிருந்தார். எங்க 300 போட்டோ செய்யாத வேலையை அந்த ஒரு பத்தி செஞ்சிருக்கும்னு நினைக்கறேன்.

ஐந்து, கடிதம். ரெண்டு பேரும் தனித்தனியா, சொந்தமா எழுதணும். எப்படிச் சந்திச்சோம், எப்ப முடிவு பண்ணினோம், செலவை எப்படிப் பாத்துக்கறோம், பிரிஞ்சு இருக்கும்போது எப்படிப் பேசிக்கறோம், வருங்காலத் திட்டம் என்ன. அக்கா தமிழ்ல எழுதுச்சு, நாலு பக்கம். மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் பேர், விலாசம், தகுதியோட ஏத்தினோம். பெரியவங்க பாத்து வச்ச கல்யாணம்னு மறைக்கல. "முதல் நாள் பத்து நிமிஷம்தான் பேசினோம், அவர் என் படிப்பைப் பத்தித்தான் கேட்டார், சம்பளத்தைப் பத்திக் கேக்கல, அதனால சரின்னேன்"னு எழுதியிருந்துச்சு. படிச்சப்போ எனக்கே அன்னைக்குத்தான் அது தெரியும். பெரியவங்க பாத்து வச்ச கல்யாணத்தை வெட்கப்பட்டுக் காதல் கதையா மாத்தாதீங்க. உள்ளதை உள்ளபடி எழுதுங்க.

ஆறு, பேர். இது தமிழ்நாட்டுக்காரங்களுக்கே உரிய தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். எஸ்.எஸ்.எல்.சி-யில இனிஷியல், ஆதார்ல அப்பா பேர் பின்னாடி, பாஸ்போர்ட்ல சர்நேம் காலி, கல்யாணப் பத்திரத்துல புருஷன் பேர். ஒரே ஆளுக்கு நாலு பேர். பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே விண்ணப்பத்துல போடுங்க. மத்த பேர்களை "வேறு பெயர்கள்"ங்கற இடத்துல மறைக்காம எழுதுங்க. இன்னொண்ணு, கல்யாணமானா பாஸ்போர்ட்ல பேரை மாத்தியே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல. அக்கா மாத்தல. அப்பா பேரோடதான் மெல்பர்ன்ல இறங்குச்சு.

ஏழு, திருமணப் பதிவு. மண்டப ரசீதும் பத்திரிகையும் சான்றிதழ் ஆகாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள்ள பதியணும். தவறினா அடுத்த 60 நாளுக்குள்ள கூடுதல் கட்டணத்தோட பதியலாம். ரெண்டு பேரும் சார்பதிவாளர் முன்னாடி நேர்ல நிக்கணும். மாப்பிள்ளைக்கு மூணு வாரம்தான் லீவுன்னா, விருந்துப் பட்டியல்ல முதல் தேதி சார்பதிவாளர் ஆபீசுக்குப் போகட்டும். ஐயர், ஹோமம், தாலி எதுவும் இல்லாத சுயமரியாதைத் திருமணமா? கவலையே வேண்டாம். 1967-ல் அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ கொண்டுவந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தோட 7ஏ பிரிவு. அந்தத் திருமணம் சட்டப்படி செல்லும். பதிவுச் சான்றிதழ் இருந்தாப் போதும், மந்திரம் சொன்னாங்களான்னு எந்த விசா அதிகாரியும் கேக்கறதில்ல.

போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழை பாஸ்போர்ட் அலுவலகம் மூலமா வாங்கணும். மருத்துவப் பரிசோதனையை அவங்க அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட மட்டும்தான் பண்ண முடியும். அதை அவங்க கேக்கும்போது பண்ணினாப் போதும்.

இவ்வளவும் பண்ணி, 2025 ஏப்ரல்ல ஒரு காலையில அக்கா போன் பண்ணிச்சு. "ஃபைனலைஸ்டுன்னு வந்துருக்குடா." ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் பேசல. "கடிதத்தைத் திற"ன்னேன். "நீ லைன்ல இரு"ன்னுச்சு. திறந்துச்சு. கிராண்ட். இந்தத் தடவை அம்மா ஸ்வீட் கொடுக்கறதுக்கு முன்னாடி கடிதத்தை எங்கிட்ட ரெண்டு தடவை படிக்கச் சொல்லுச்சு.

இப்ப, இன்னும் கல்யாணம் ஆகாதவங்களுக்கு. பேச்சு வார்த்தை நடக்கற வீடுகளுக்கு. ஜாதகக் கட்டம் பாக்கற நேரத்துல இந்த மூணு கேள்வியைக் கேளுங்க.

முதல் கேள்வி: மாப்பிள்ளை எந்த விசாவுல இருக்கார்? "ஆஸ்திரேலியாவுல இருக்கார்"ங்கறது பதில் இல்ல. 309-க்கு ஸ்பான்சர் பண்ண அவர் குடிமகனா, நிரந்தர வாசியா, இல்ல தகுதியுள்ள நியூசிலாந்துக் குடிமகனா இருக்கணும். மாணவர் விசா, வேலை விசாவுல இருக்கறவர் மனைவியை அழைச்சுக்கற வழியே வேற. அவர் விசா முடிஞ்சா அவளோடதும் முடியும். நிலவரத்தை அவரே அரசுத் தளத்துலேர்ந்து ஈமெயில்ல அனுப்ப முடியும். வேவோன்னு பேர். அனுப்பச் சொல்லுங்க. நல்ல பையன் கோவிச்சுக்க மாட்டான்.

ரெண்டாவது கேள்வி: இதுக்கு முன்னாடி யாரையாவது பார்ட்னர் விசாவுல ஸ்பான்சர் பண்ணியிருக்காரா? அவரே அப்படிப் போனவரா? பொதுவா ஒருத்தர் வாழ்நாள்ல ரெண்டு பேரைத்தான் ஸ்பான்சர் பண்ணலாம், அதுவும் அஞ்சு வருஷ இடைவெளியில. முதல் கல்யாணத்தை மறைச்ச கதைகள் பல இந்தக் கேள்வியிலதான் வெளிய வரும்.

மூணாவது கேள்வி: போலீஸ் வழக்கு ஏதாவது? ஸ்பான்சரும் போலீஸ் சான்றிதழ் கொடுக்கணும். வன்முறைக் குற்றத் தண்டனை இருந்தா அதை விண்ணப்பிக்கற பெண்ணுக்குத் தெரிவிக்க அவர் சம்மதிக்கணும். பிறகு தெரியப் போறதை முன்னாடியே கேக்கறதுல தப்பில்ல.

நம்ம பொண்ணுங்க மட்டும் இல்ல. நர்ஸா போன தங்கச்சிங்க புருஷனை அழைச்சுக்கற வீடுகளும் இருக்கு. சட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், கேள்வியும் ஒண்ணுதான்.

கடைசியா, போய் இறங்கின பிறகு. இதை எல்லாப் பொண்ணுங்களுக்கும் சொல்லி அனுப்புங்க. 309 விசாவுல வேலை பாக்கலாம், படிக்கலாம், மெடிகேர் மருத்துவ வசதி உண்டு, இலவச ஆங்கில வகுப்பும் உண்டு. "நான் ஒரு போன் போட்டா உன் விசாவைக் கேன்சல் பண்ணிருவேன்"னு ஒருத்தன் மிரட்டினா, நம்பாதீங்க. விசாவை ரத்து பண்ணற அதிகாரம் அந்த நாட்டு உள்துறைக்குத்தான், புருஷனுக்கு இல்ல. இந்த விசாவுல அங்கே போன பிறகு குடும்ப வன்முறையால உறவு முறிஞ்சா, அதுக்கு ஆதாரம் காட்டி நிரந்தர விசா கேக்க சட்டத்துல வழி இருக்கு. அடி வாங்கிட்டு ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. அங்கே அவசரத்துக்கு 000. குடும்ப வன்முறை உதவிக்கு 1800 737 732. தமிழ்ல பேச மொழிபெயர்ப்பாளர் வேணும்னா 131 450. இங்கே தேசிய மகளிர் ஆணையத்துல வெளிநாடு வாழ் இந்தியர் திருமணப் புகார்களுக்குத் தனிப்பிரிவு 2009-லேர்ந்து இருக்கு. இந்த எண்களை போன்ல வேற ஏதாவது பேர்ல சேவ் பண்ணிக் கொடுங்க.

தோழர்களே, நாம தேர்தல் நேரத்துல ஒரு ஓட்டர் ஐடி திருத்தத்துக்கு வீடு வீடாப் போறோம். பேர்ல ஒரு எழுத்து தப்பா இருந்தா ஓட்டு போயிரும்னு அலையறோம். அதே உழைப்பை நம்ம தெருவுல விசாவுக்குக் காத்திருக்கற ஒரு வீட்டுக்கும் கொடுங்க. நாம விசா ஏஜென்ட் ஆக வேண்டாம். யாருக்கும் விண்ணப்பம் போட்டுத் தரேன்னு காசு வாங்க வேண்டாம், அது நம்ம வேலை இல்ல. அந்தப் பொண்ணு பேர்ல ஒரு ஈமெயில் திறந்து கொடுங்க. பாஸ்வேர்டை அவளையே போடச் சொல்லிட்டு நீங்க முகத்தைத் திருப்பிக்குங்க. அவ பேர்ல ஒரு பேங்க் கணக்கு. அவ கையில அவ பாஸ்போர்ட். சார்பதிவாளர் ஆபீசுக்கு ஒரு துணை. இதுக்கு எந்த கன்சல்டன்சியும் வேண்டாம், ஒரு தம்பியோ தங்கச்சியோ போதும்.

எங்க அக்கா இப்ப டாண்டெனாங்ல இருக்கு. போன வாரம் போன் பண்ணிச்சு. பக்கத்து வீட்டுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்துருக்காம், கும்பகோணம். "அவ பாஸ்போர்ட் அவ மாமியார்கிட்ட இருக்காம்டா. நாளைக்கு நான் போய்ப் பேசப் போறேன்"னுச்சு.

போய்ப் பேசு அக்கான்னேன்.



(விசா கட்டணமும் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கும் நாளில் ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளுக்கு இந்தப் பதிவைப் பகிருங்கள்.)

#அவள்_பெயரில் #திருமணப்_பதிவு #பெண்ணுரிமை